மொட்டைப்பனையில் இருந்து வந்த மீனாட்சி

விடிய ஐந்தரைக்குப் படலை கிறீச்சிடும். அம்மம்மா போர்வையை விலக்கிக்கொண்டு, "ஆர் பிள்ளை அது?" என்று கேட்பார். படலை சாத்தினபடியேதான் இருக்கும். விறாந்தைக் கொடியில் இருந்து மீனாட்சி இன்னொரு தரம் கிறீச்சிட்டுக் காட்டும். பிறகு அம்மம்மாவின் குரலிலேயே கேட்கும்: "ஆர் பிள்ளை அது?"

வன்னியில், துணுக்காயில் உள்ள எங்கள் வீட்டுக்கு இந்தக் கிளி வந்து இது ஆறாவது வருடம். பள்ளிக்கூடச் சட்டை கொடியில் காய்ந்தால் தெறிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே போட்டு, விழுகிற சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்கும். மகளின் கணக்குக் கொப்பியின் ஓரங்களை நாடா நாடாவாகக் கிழித்துவிடும். என் குரலில் நாயைக் கூப்பிடும். அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்ததும் "போடா" என்று கலைக்கும். கூட்டின் கொழுக்கியைத் திறக்கப் பழக அதற்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. அன்றோடு கூட்டை நாங்கள் பூட்டுவதில்லை.

எங்கள் வளவின் கிழக்கு வேலியோரம் ஒரு மொட்டைப்பனை நின்றது. 2008 இல் போரில் இடம்பெயர்ந்து போய், முகாமில் இருந்துவிட்டு மீள்குடியேற வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, அந்தப் பனைக்கு வட்டு இல்லை. பனையின் உயிர் குருத்தில். ஷெல் அதைக் கொண்டுபோய்விட்டால் மரம் மறுபடி துளிர்க்காது. ஆனால் வைரம் பாய்ந்த வெளிப்புறம் வருடக்கணக்கில் நிற்கும், உள்மரம் மட்டும் உக்கிப்போகும். மரங்கொத்தி துளை போட, கிளி அதைப் பெருப்பித்துக் குடிபுகும். வன்னியில் தலையிழந்து நின்ற பனைகள் எத்தனையோ கிளிக் குடும்பங்களை வளர்த்திருக்கின்றன. "நாங்கள் வர முன்னமே அதுகள் வந்திட்டுதுகள்" என்று அம்மம்மா சொல்வார்.

ஒரு மாசி மாத இரவு அடித்த காற்றில் அந்தப் பனை முறிந்தது. விடிய ஓடிப்போய்ப் பார்த்தபோது மூன்று குஞ்சுகளில் ஒன்றுக்குத்தான் மூச்சு இருந்தது. இறகுகூட முழுதாக முளைக்கவில்லை. அம்மம்மா குரக்கன் கூழை இளஞ்சூடாக்கிச் சிறிய கரண்டியால் ஊட்டினார். மதுரை அம்மன் கையில் கிளி இருக்கிறதே என்று மீனாட்சி எனப் பெயரும் வைத்தார். மூன்றாம் வயதில் கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் ரோசாவுமாக ஆரம் விழுந்தபோதுதான் அது ஆண் என்று தெரிந்தது. பச்சைக்கிளியில் ஆணுக்குத்தான் அந்த ஆரம். பெயரை மட்டும் மாற்றவில்லை. அந்தப் பெயருக்குத்தான் அது திரும்பிப் பார்க்கும்.

குழப்படிக்காகச் செட்டையை வெட்டச் சொன்னவர்கள் உண்டு. அந்தக் கத்தரிக்கோலை நான் எடுக்கவில்லை. கிளியின் சொண்டு வாழ்நாள் முழுக்க வளரும். கடித்துத் தேய்க்காவிட்டால் அதற்கே கேடு. மேற்சொண்டும் அசையும். காலில் இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே, கையைப்போலப் பிடிக்கலாம். கொறிக்கவும் பிரிக்கவும் இப்படி அமைந்த ஒரு சீவனைச் சும்மா இருக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? முருங்கைக் கொப்பு, பனைமட்டை, சிரட்டை, உரிக்காத சோளன் பொத்தி என்று வேலை கொடுக்கத் தொடங்கினோம். தெறிகள் தப்பின.

அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் 1977 முதல் 2007 வரை அலெக்ஸ் என்ற சாம்பல்கிளியோடு வேலை செய்தார். நூறு சொல்லளவில் பழகி, நிறத்தையும் வடிவத்தையும் பிரித்துச் சொன்ன பறவை. அலுத்துப்போனால் அதுவும் வேண்டுமென்றே பிழையான பதில் சொல்லும், திரும்பிப் போக வேண்டும் என்று கேட்கும். அதைப் படித்தபோது கணக்குக் கொப்பி நினைவுக்கு வந்தது. மகள் கொப்பியை விரிக்கும் நேரம், மீனாட்சியோடு ஒருவரும் கதைக்காத நேரம்.

கிளி கூட்டத்தில் வாழப் பிறந்தது. ஒன்று கத்தினால் இன்னொன்று பதில் கொடுக்க வேண்டும். கூட்டம் இல்லாத மீனாட்சிக்குப் படலையும் நாயும் அம்மம்மாவின் இருமலும்தான் கூட்டம். அவற்றின் சத்தத்தில் பேசினால் நாங்கள் திரும்பிப் பார்க்கிறோம் என்று அது கண்டுபிடித்திருக்கிறது. இதைக் குழப்படி என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

ஆகவேதான், பொந்தை வெட்டிக் குஞ்செடுத்து விற்பவர்களோடு என்னால் சமாதானமாகக் கதைக்க முடிவதில்லை. பொந்து ஒருமுறை பிளந்தால் அடுத்த வருடத்துக்கும் அந்த வீடு இல்லை. தமிழ்நாட்டில் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பொந்தை வெட்டுவது வேறு, விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பது வேறு. அப்போதும் சோறும் மிளகாய்ப்பழமும் மட்டும் போட்டால் போதாது. காரம் கிளிக்குச் சுடாது என்றாலும், ஊறவைத்த பயறு, கீரை, கொய்யாப்பழம் எல்லாம் வேண்டும். சொக்லேட்டும் அவகாடோவும் நஞ்சு.

தை பிறந்து வவுனிக்குளத்துத் தண்ணீரில் விளைந்த பெரும்போக வயல்கள் பழுத்தால் அயலில் தகரம் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கும். கிளி கலைக்கிறார்கள். கதிரை நறுக்கி, பாதி தின்று பாதி சிந்தும் கூட்டத்தை எந்த விவசாயியாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கலைபட்ட கூட்டம் எங்கள் முற்றத்துக்கு மேலால் கத்திக்கொண்டு போகும். அப்போது மீனாட்சி உடம்பை ஒடுக்கி, இறகை இறுக்கி, மேலே பார்க்கும். அந்த நேரம் அதற்கு எங்கள் குரல் எதுவும் வராது; கிளியின் குரல் மட்டும் வரும்.

போன ஆனி, பாலைப்பழக் காலத்தில் அந்தக் கூட்டத்தோடு அது எழும்பிப் போனது. மகள் அழுதாள். அம்மம்மா விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். செக்கல் நேரம் முருங்கையில் வந்து குந்தியபோது சொண்டெல்லாம் பாலைப்பழத்துப் பால் ஒட்டிக் கிடந்தது. அம்மம்மா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டார். எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த நாள் விடிய, கூட்டம் வரும் நேரத்துக்கு முன்னமே எழும்பி, விறாந்தைத் தட்டியைத் தூக்கிக் கட்டினார்.