காதல், பக்தி, வறுமை, எதிர்ப்பு: மைசூரு வட்டாரக் கம்சாளே பாடகர்கள் சொல்லும் கதை என்ன?

மைசூரு: தசரா ஊர்வலம் அரண்மனையிலிருந்து புறப்பட்டு, மண்டி மொஹல்லாவை ஒட்டிய சயாஜி ராவ் சாலை வழியே பன்னிமண்டபம் நோக்கிச் செல்லும்போது, கையில் வெண்கலத் தாளத்தைச் சுழற்றி ஆடும் குழுக்களைக் காணலாம். அவர்கள் கம்சாளே கலைஞர்கள். பார்வையாளர்கள் காண்பது சில நிமிட ஆட்டம்தான். அதன் பின்னால் பல இரவுகள் தொடர்ந்து பாடப்படும் ஒரு வாய்மொழிக் காவியம் இருக்கிறது.

கம்சாளே என்பது என்ன?

கம்சாளே என்பது இரண்டு பகுதிகள் கொண்ட தாளக்கருவி. ஒன்று கிண்ணம் போன்றது; மற்றொன்று குஞ்சம் கட்டிய தட்டையான வட்டு. நின்று, சுழன்று, தாவி ஆடுவது 'பீசு கம்சாளே'. அமர்ந்து கதை பாடுவது 'கம்சாளே மேளா'. இதில் முதன்மைப் பாடகர் கதையைச் சொல்ல, துணைப் பாடகர்கள் அடிகளை வாங்கிப் பாடுவார்கள். மைசூரு, சாமராஜநகர், மாண்டியா மாவட்டங்களில் இக்கலை வேரூன்றியுள்ளது.

பாடுபவர்கள் யார்?

மாதேஸ்வரன் மலையில் கோயில் கொண்ட மாதேஸ்வரருக்கு நேர்ந்துகொண்டு தீட்சை பெற்ற 'தேவரகுட்டர்கள்' இப்பாடல்களின் மரபுரிமையாளர்கள். இவர்களில் பெரும்பாலோர் ஹாலு குருபர் சமூகத்தினர். வீடுதோறும் சென்று பிச்சை ஏற்பது இவர்களின் விரதத்தின் ஒரு பகுதி. எனவே வறுமை இவர்களுக்கு வெறும் பாடுபொருள் அல்ல; ஏற்றுக்கொண்ட வாழ்க்கை முறை. பிச்சையிட மறுத்த செல்வச் செருக்குள்ள பேவினஹட்டி காளம்மாவின் வீழ்ச்சி காவியத்தில் தனிப் பகுதியாக இடம்பெறுவதன் பொருளும் இதனால் விளங்கும். கையேந்தி நிற்பவரே கொடுப்பவரின் குணத்தை எடைபோடுகிறார்.

காதலும் எதிர்ப்பும்

காவியத்தின் மிகவும் உருக்கமான பகுதி சங்கம்மாவின் கதை. காட்டுக்குப் புறப்படும் கணவன் நீலேகௌடன், தான் திரும்பும்வரை கற்புடன் இருப்பதாக ஆணையிட்டுத் தருமாறு மனைவியைக் கேட்கிறான். சங்கம்மா மறுக்கிறாள். அவன் அவளைக் கட்டிவைத்துக் கொடுமைப்படுத்திவிட்டுச் செல்கிறான். மாதேஸ்வரர் அவளை விடுவித்து, பிள்ளைப்பேறு அருள்கிறார். சந்தேகத்துக்கு இடம் கொடுத்த காதல் எப்படிக் கொடுமையாக மாறும் என்பதைக் காவியம் ஒளிக்காமல் சொல்கிறது. தெய்வமும் சந்தேகித்த கணவனின் பக்கம் நிற்கவில்லை.

மற்றொரு பகுதி, தேவர்களையே அடிமைகளாக்கிய கொடுங்கோலன் சிரவணனைப் பற்றியது. அவனை வீழ்த்த மாதேஸ்வரர் துணை கொள்வது படைத்தலைவனை அல்ல; செருப்புத் தைக்கும் தொழிலாளி அரளய்யாவை. இதே வட்டாரத்தில் நீலகாரர்கள் பாடும் மண்டேசாமி காவியத்திலும் இந்தக் குரல் உண்டு. அருவருக்கத்தக்க தோற்றத்தில் பசவண்ணரின் கல்யாண நகருக்கு வரும் மண்டேசாமி, சமத்துவம் பேசும் அடியார்களையே சோதனைக்கு உள்ளாக்குகிறார்.

தமிழகத் தொடர்பு

மாதேஸ்வரன் மலை அமைந்துள்ள கொள்ளேகால் பகுதி, 1956-ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்பு வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாறிய பின்னரும் சேலம், ஈரோடு மாவட்டங்களிலிருந்து பக்தர்கள் மலைக்குச் செல்வது தொடர்கிறது.

இன்றைய நிலை

நாட்டார் வழக்காற்றியல் அறிஞர்கள் இக்காவியங்களைப் பாடகர்களிடமிருந்து கேட்டு எழுத்தில் பதிவு செய்துள்ளனர். மைசூரு பல்கலைக்கழகம் 1968-இல் நாட்டார் கலை அருங்காட்சியகத்தை நிறுவியது. 2021-இல் வெளியான 'கருட கமன விருஷப வாகன' என்ற கன்னடத் திரைப்படத்தில் இடம்பெற்ற மாதேஸ்வரர் பாடல், இம்மரபை அறியாத இளைஞர்களிடமும் அதைக் கொண்டு சேர்த்தது.

ஆனால் மேடைக்கும் திரைக்கும் தேவைப்படுவது ஒரு பாடலோ சில நிமிட ஆட்டமோ மட்டுமே. தாளத்தைச் சுழற்றும் திறனைப் பயிற்சி முகாமில் கற்றுவிடலாம். இரவு முழுவதும் கதை சொல்லும் நினைவாற்றலோ, மூத்த பாடகரின் பின்னால் பல ஆண்டுகள் அமர்ந்து பாடினால்தான் கைகூடும். அந்தப் பயிற்சி அறுந்தால், ஆட்டம் ஊர்வலத்தில் தொடரும். சங்கம்மாவும் அரளய்யாவும் அச்சேறிய நூல்களுக்குள் ஒதுங்கிவிடுவார்கள்.