"அக்கா ஏன் குழாயடியிலே நிக்கிறாங்க?"

"அம்மா, நம்ம வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா ஏன் தெருக்குழாயிலே நிக்கிறாங்க? அவங்க வீட்டிலே குழாய் இல்லையா?"

ஐந்து வயதுக் குழந்தை இப்படிக் கேட்டால் என்ன சொல்கிறோம்? "பாவம், ஏழைங்க!" என்று முடித்து விடுகிறோம். தண்ணீருக்கு அலைகிறவர்கள் நம்மைவிட ஒரு படி மட்டம் என்ற எண்ணம் பிஞ்சு மனதில் அப்படித்தான் ஒட்டிக் கொள்கிறது. அதே கேள்வியை வைத்து உலகத்தையே காட்டலாமே! ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தூக்கிப் பார்க்கட்டும்

சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து, வாசலிலிருந்து சமையலறை வரை சிந்தாமல் நாலு நடை கொண்டு வரச் சொல்லுங்கள். "கை வலிக்குதும்மா" என்று சொல்லும். அப்போது சொல்லுங்கள்: "எத்தியோப்பியான்னு ஒரு தேசம். அங்கே பல கிராமத்திலே பொண்ணுங்க முதுகிலே கேனைக் கட்டிக்கிட்டுத் தண்ணி எடுக்கப் போறாங்க. 20 லிட்டர் கேன் நிறைஞ்சா 20 கிலோ!"

வீட்டில் தண்ணீர் வசதி இல்லாத குடும்பங்களில், பத்துக்கு ஏழில் அந்தச் சுமை பெண்கள் தலையில்தான் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2023-ல் கூறின.

அளந்து பார்க்கட்டும்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் மழை பொய்த்து, 2018-ல் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. 10 லிட்டர் வாளியில் ஐந்து. குளிக்க, துவைக்க, சமைக்க, கழிவறைக்கு என்று குழந்தையையே பங்கு போடச் சொல்லுங்கள். சாயங்காலத்துக்குள் வாளி காலி!

இன்னொன்றும் சொல்லுங்கள். பங்களாக்காரர்களுக்கு இந்தத் தண்ணீர்க் கஷ்டம் புதுசு. அதே ஊரில் தகரக் குடிசைவாசிகளுக்குப் பொதுக்குழாய் வரிசை அதற்கு முன்பும் உண்டு, பின்பும் உண்டு.

மழை மட்டும் காரணமா?

மழைக்குப் பேர்போன சிரபுஞ்சியில் குளிர்காலத்தில் குடிநீர்த் தட்டுப்பாடு. பெய்கிற மழை தங்காமல் ஓடி விடுகிறது. பெரிய ஆறில்லாத சிங்கப்பூரிலோ வீட்டுக்கு வீடு குழாய். மழைநீரைச் சேர்க்கிறார்கள், மலேசியாவிலிருந்து வாங்குகிறார்கள், கடல்நீரையும் கழிவுநீரையும்கூடச் சுத்திகரிக்கிறார்கள். ஆக, மேகம் மட்டும் போதாது. தேக்கி வைக்கவும் குழாய் போடவும் மனிதர்கள் வேண்டும். எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் போடுவது என்பதும் மனிதர்கள் எடுக்கிற முடிவுதான்.

ஒரு எச்சரிக்கை

"நீ தண்ணியை வீணாக்கினா ஆப்பிரிக்காப் பிள்ளை தவிக்கும்" என்று பயமுறுத்தாதீர்கள். நம் குழாயை மூடினால் எத்தியோப்பியாவுக்குத் தண்ணீர் போய்ச் சேராது. ஆனால் நம் வீட்டுக்கும் அந்த அக்கா தெருவுக்கும் ஒரே ஏரித் தண்ணீராக இருக்கலாம். அதைச் சொல்லுங்கள், புரியும். குடிநீர் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் சபை 2010-ல் தீர்மானம் போட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மறுநாள் அந்த அக்கா உள்ளே நுழையும்போது, "இன்னிக்குத் தண்ணி வந்துச்சா அக்கா?" என்று குழந்தை கேட்டால் போதும். பாடம் படிந்து விட்டது!