நீரும் உணவும்: அடுக்களை முறைகள் சில

உணவு கெடுவது எதனால் என்று வினவின், வெப்பத்தினால் என்பர் சிலர்; நாட்பட்டமையால் என்பர் வேறு சிலர். இரண்டும் முழு விடையாகா. பல நாள் வெயிலிற் கிடந்த ஒடியல் மாதங்கள் பல கழிந்தும் கெடாதிருக்கின்றது. நிழலில் வைத்த சோறோ ஓரிரவிற் பழுதாகின்றது. இவ்விரண்டனையும் வேறுபடுத்துவது நீரேயாம். நம் அடுக்களைகளில் வழங்கும் கைம்முறைகள் பலவற்றை ஆராயின், அவை நீரை ஆளும் முறைகளாகவே முடிதல் காணலாம். காரணம் அறியாது செய்யினும் அவை பயன் தந்தன. ஆயின், அடுப்பும் பாத்திரமும் மாறிவிட்ட இக்காலத்தில், காரணம் அறியாதார் கையில் அவற்றுட் சில தீங்காகவும் முடியக்கூடும்.

பற்றீரியங்களும் பூஞ்சணங்களும் உணவிலுள்ள நீர் முழுவதையும் பயன்படுத்த வல்லன அல்ல. உப்பும் சர்க்கரையும் பற்றிக்கொண்டுள்ள நீர் அவற்றுக்கு எளிதில் எட்டாது. அவற்றுக்கு எட்டும் நீரின் நிலையை 'நீர்ச் செயற்பாடு' என்னும் எண்ணாற் குறிப்பர். உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களின் வளர்ச்சி இவ்வெண்ணைச் சார்ந்தது என்பதை அவுஸ்திரேலிய விஞ்ஞானி இசுக்கொற்று 1953ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார். தூய நீருக்கு அவ்வெண் 1 ஆகும். 0.90க்குக் கீழே பற்றீரியங்களுட் பெரும்பாலானவை பெருகா, 0.80க்குக் கீழே பூஞ்சணங்களுட் பெரும்பாலானவை அடங்கும், 0.60க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் வளர்வதில்லை. உப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்கு நிரம்பிய கரைசலின் எண் ஏறக்குறைய 0.75 ஆகும். தேசிக்காயைப் பிளந்து, உப்பை அடைத்து, வெயிலில் உலர்த்தி ஊறுகாயிடும்போது நாம் செய்வது இவ்வெண்ணை இறக்குதலே; காயின் புளிப்பு அதற்குத் துணை நிற்கின்றது.

ஊறுகாய்ச் சாடியில் ஈரக் கரண்டியை இடலாகாது என்று முதியோர் கடிவது வெறும் ஆசாரம் அன்று. கரண்டியில் ஒட்டிய சிறிது நீர் சாடி முழுவதும் பரவுவதில்லை. மேற்பரப்பிலேயே தங்கி அங்குள்ள உப்பை மட்டும் ஐதாக்குகின்றது. பூஞ்சணத்துக்கு அவ்வளவு இடம் போதும்.

பினாட்டு இடும் முறை இன்னும் நுட்பமானது. பனங்களியை ஒரே நாளிற் பாயில் தடிப்பாக ஊற்றிவிடாது, மெல்லிய படையாகப் பரப்பி, அது காய்ந்தபின் அதன்மேல் மறுபடை ஊற்றுவர். சோம்பல் மிக்க ஒருவர், எல்லாவற்றையும் ஒருங்கே ஊற்றினால் என்ன என்று கேட்கலாம். தடித்த படையில் மேற்புறம் விரைவில் இறுகித் தோலாகிவிடும். அத்தோல் உள்ளிருக்கும் நீரை வெளியேற விடாது. புறத்தே உலர்ந்தது போலத் தோன்றி அகத்தே புளிக்கும்.

உலர்த்தியதைச் சூடாறுமுன் அடைத்தலும் இத்தகைய பிழையே. மிளகாயோ வடகமோ வெயிற்சூட்டோடு தகரத்துள்ளோ பிளாத்திக்குப் பேணியுள்ளோ அடைக்கப்படின், அதிலிருந்து எழும் ஆவி இரவில் மூடியின் உட்புறத்திற் குளிர்ந்து துளியாகி மீண்டும் அதன் மேலேயே விழும். பனையோலைப் பெட்டி இக்குற்றத்தைப் பொறுத்தது; ஓலையினூடே ஆவி கசிந்து சென்றுவிடும். இறுக மூடும் பேணி பொறுப்பதில்லை. அடுப்புக்கு மேலிருந்த பரணும் அவ்வாறே ஒரு காவலாயிருந்தது. மாரிகாலத்து ஈரக்காற்றிலும் அங்குள்ள பொருள்கள் புகையாலும் வெம்மையாலும் உலர்ந்தே இருந்தன. வாயு அடுப்பு வந்த வீடுகளிற் பரண் இல்லை. ஆதலின், ஐப்பசி பிறக்குமுன் உலர்பொருள்களை மீண்டும் ஒருமுறை வெயில் காட்டி, நிழலில் ஆறவிட்டு அடைத்தல் வேண்டும்.

பூசணம் பிடித்த பின்னர் வெயில் காட்டுதலோ முற்றிலும் வேறு செயல். நிலக்கடலையிலும் செத்தல் மிளகாயிலும் கொப்பறாவிலும் பச்சை படர்ந்தால், துடைத்து உலர்த்திப் பயன்படுத்துவது சிக்கனம் என்று பல வீடுகளிற் கருதுகின்றனர். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு நூறாயிரத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கிற் பூஞ்சணம் ஒன்று நஞ்சை உண்டாக்கியிருந்தது பின்னர்த் தெளிவாயிற்று. அபிளாதொட்சின் என்னும் அந்நஞ்சு, நாட்பட உடலிற் சேரின் ஈரலிற் புற்றுநோயை விளைப்பது. வெயில் பூஞ்சணத்தின் வளர்ச்சியை நிறுத்தலாம். முன்னரே உண்டான நஞ்சு உலர்த்தலாலும் அழியாது, வறுத்தலாலும் முற்றாக நீங்காது. அத்தகையதை எறிந்துவிடுதலே சிக்கனம்.

சோற்றைப் பற்றியும் இது போன்றதொரு தவறான நம்பிக்கை உண்டு. மிஞ்சிய சோற்றைச் சூட்டோடு பானையில் மூடி வைத்து, மறுநாள் நன்றாகச் சூடாக்கினால் தீங்கில்லை என்பர். அரிசியோடு வரும் பசிலசு வகைப் பற்றீரியம் ஒன்றின் வித்திகள் கொதிநீரிலும் சாவதில்லை. இளஞ்சூட்டில் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைக் கான்றுவிடுகின்றன. அந்நஞ்சும் கொதிநிலைக்கு அழிவதன்று. ஆதலின், சோற்றை அகன்ற தட்டிற் பரப்பி விரைவில் ஆற்றிக் குளிரேற்றியில் வைத்தலே தக்கது. பழஞ்சோற்றுக்கு நீரூற்றி வைத்தலின் நெறி வேறு. அங்கே இலத்திக்கமிலப் பற்றீரியங்கள் பெருகி உண்டாக்கும் புளிப்பு, ஏனையவற்றின் பெருக்கத்தைத் தடுக்க முயல்கின்றது.

இனி, சமைக்கும்போது நீரை என்ன செய்வது என்பது. நெல்லைப் புழுக்கும்போது உமியின் கீழுள்ள தவிட்டிலிருந்து தயமின் என்னும் விற்றமின் நீரோடு அரிசியின் உள்ளே செல்கின்றது. பின்னர்த் தீட்டினாலும் அதிற் பெரும்பங்கு எஞ்சும். மலாயாவில் வைத்தியராயிருந்த பிறடன் என்பார், தீட்டிய பச்சையரிசி உண்ட சீனரைப் பெரிபெரி நோய் வாட்ட, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் அதற்குத் தப்பியிருந்தமையை 1907இல் எழுதினார். கெட்ட அரிசியில் உள்ள நஞ்சே நோய்க்குக் காரணம் என்று அவர் கொண்டது பிழை; கண்ட உண்மை பிழையன்று. இத் தயமின் நீரிற் கரைவது. அரிசியைப் பலமுறை பிசைந்து கழுவுதலும், வடிகஞ்சியை வாசலில் ஊற்றுதலும், புழுக்கி உள்ளே செலுத்தியதை மீண்டும் வெளியே விடுதலாம். கஞ்சியை உப்பிட்டுக் குடித்த வழக்கம் நல்வழக்கம்.

மரவள்ளிக்கிழங்கின் நீரோ கொட்டற்பாலது. அக்கிழங்கில் இலினமரின் என்னும் பொருள் ஒருபுறமும், அதைச் சிதைக்கும் நொதியம் மறுபுறமுமாக உறைகின்றன. கிழங்கை வெட்டும்போது இரண்டும் கலந்து ஐதரசன் சயனைட்டு பிறக்கின்றது. அது ஏறக்குறைய 26 பாகை செல்சியசிற் கொதிப்பது. ஆதலின் திறந்த பானையில் ஆவியோடு எளிதில் வெளியேறும். சிதையாது எஞ்சிய இலினமரினோ நீரிற் கரையும். தோலை நன்கு சீவி, சிறு துண்டுகளாக்கி, மிகுந்த நீரில் மூடாது அவித்து, அந்நீரை வடித்தெறிந்த பின்னரே கிழங்கை உண்ணல் வேண்டும்.