மார்பில் பூட்டு, கருப்பையில் சாவி

நோயே இல்லாத பெண் ஒருத்தி, பின்னாளில் நோய் வராமலிருக்கும் பொருட்டு, ஐந்தாண்டுகள் நாள்தோறும் மாத்திரை விழுங்கலாமா? மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு விடைகாணப் பெரியதோர் ஆய்வே நடந்தது. அதில் பயன்பட்ட மருந்து டமாக்சிஃபென்.

இம்மருந்து பிறந்த கதை வேடிக்கையானது. 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலார் இதை உருவாக்கினார். அந்நிறுவனம் தேடியதோ கருத்தடை மருந்து. எலிகளில் கருத்தரிப்பைத் தடுத்த அப்பொருள், பெண்களிடம் சினைமுட்டை வெளிப்படுவதைத் தூண்டிவிட்டது! கருத்தடைக்கு உதவாத மருந்து, பின்னர் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று.

அது எவ்வாறு வேலை செய்கிறது? ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், மார்பக உயிரணுவிலுள்ள ஏற்பி என்ற புரதத்துடன், பூட்டில் சாவி நுழைவதுபோல் இணைகிறது. உடனே உயிரணுவுக்குப் "பெருகு" என்ற ஆணை பிறக்கிறது. டமாக்சிஃபென் அந்தச் சாவித் துளையை அடைத்துக்கொள்வதால் ஆணை எழுவதில்லை. ஆனால் கருப்பையின் உட்படலத்தில் இதே மருந்து சாவியாகவே செயல்பட்டு உயிரணுக்களைப் பெருக்குகிறது. ஏற்பியுடன் கூடிப் பணியாற்றும் துணைப் புரதங்கள் திசுவுக்குத் திசு வேறுபடுவதே இதற்குக் காரணம்.

1992இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கிய ஆய்வில், நோய் வர வாய்ப்பு மிகுந்த 13,388 பெண்கள் சேர்ந்தனர். பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் மருந்து. மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. 1998இல் முடிவு வெளிவந்தது. பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்று, வெற்று மாத்திரை உண்டவர்களில் 175 பேருக்கும், மருந்துண்டவர்களில் 89 பேருக்கும் வந்திருந்தது. கருப்பைப் புற்றோ 15க்குப் பதில் 36. நுரையீரல் இரத்தக்குழாயை உறைகட்டி அடைத்தது 6க்குப் பதில் 18. இத்தீங்குகள் பெரும்பாலும் ஐம்பது வயதை எட்டியவர்களிடமே காணப்பட்டன.

"பாதியாகக் குறைந்தது" என்றதும் மயங்கிவிடக் கூடாது. ஏறத்தாழ ஆறாண்டுகளில் ஆயிரம் பேரில் 43 பேருக்கு வந்திருக்க வேண்டிய நோய் 22 பேருக்கு வந்தது. எஞ்சிய 957 பேர் மருந்தில்லாமலும் தப்பியிருப்பர். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத புற்றுகளை இம்மருந்து தடுக்கவுமில்லை.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. ரலாக்சிஃபென் கருப்பையைத் தூண்டுவதில்லை. காக்கும் திறன் சற்றுக் குறைவு. எக்சமெஸ்டேன் போன்றவை பூட்டைத் தொடாமல், உடலில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே நிறுத்துகின்றன. ஆனால் எலும்பு நலிகிறது, மூட்டு வலிக்கிறது.

கருப்பை அகற்றப்பட்ட நாற்பது வயதுப் பெண்ணுக்கும், காலில் இரத்தம் உறைந்த வரலாறுள்ள அறுபது வயதுப் பெண்ணுக்கும் கணக்கு ஒன்றல்ல. பின்னவருக்குத் தடுப்புக்காக டமாக்சிஃபென் தரப்படுவதே இல்லை.