பழைய லேப்டாப்புக்குப் புதிய ஹார்ட் டிஸ்க்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பிள்ளையின் படிப்புக்கு லேப்டாப் வேண்டும் என்று உதவி கேட்டு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, "வீட்டில் பழையது ஏதாவது இருக்கிறதா?" என்பதுதான். பல வீடுகளில் இருக்கிறது. மூத்த பிள்ளைக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அலமாரியில் கிடக்கும். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்தவை பல இன்னும் உழைக்கக் கூடியவை. ஆன் செய்தால் நெடுநேரம் ஆகிறது என்பதால் ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

இந்தத் தாமதத்துக்குப் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்ற, ஒரு முனை அங்குமிங்கும் நகர்ந்து தகவலைப் படிக்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே இல்லை. டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினால், அதே லேப்டாப் சுறுசுறுப்பாகிவிடும். புதியது வாங்கும் செலவில் இது சிறு பங்குதான்.

ஆனால் எல்லா எஸ்எஸ்டியும் எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தாது. உறை பிரித்த பொருளைத் திரும்ப எடுக்கக் கடைக்காரர் தயங்குவார். ஆகவே விலை விசாரிக்கும் முன் நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. கழற்ற முடியுமா?

விலை குறைந்த சில சிறிய லேப்டாப்களில் 32 ஜிபி, 64 ஜிபி சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது. அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை இணையத்தில் தேடினால் விவரம் கிடைக்கும்.

2. இணைப்பு எந்த வகை?

2.5 அங்குல டிஸ்க்கின் விளிம்பில் தட்டையான இரண்டு இணைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது சாட்டா வகை. ஊசிகள் இரண்டு வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தால் அது அதற்கும் முந்தைய ஐடிஇ வகை. அதில் சாட்டா எஸ்எஸ்டி நேரடியாகப் பொருந்தாது.

சில லேப்டாப்களில் பட்டையான எம்.2 எஸ்எஸ்டிக்கு இடம் இருக்கும். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதில் சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை உண்டு. சாட்டாவை மட்டும் ஏற்கும் இடத்தில் என்விஎம்இ வேலை செய்யாது. உங்கள் மாடல் எதை ஏற்கும் என்று உறுதி செய்யாமல் வாங்காதீர்கள்.

3. தடிமன் எவ்வளவு?

பழைய டிஸ்க்குகள் பல 9.5 மி.மீ. தடிமன் கொண்டவை. சாட்டா எஸ்எஸ்டி பொதுவாக 7 மி.மீ. இருக்கும். மெல்லியதைப் பெரிய இடத்தில் வைக்கலாம். ஆடாமலிருக்க ஒரு சட்டம் போதும். 7 மி.மீ. இடத்தில் 9.5 மி.மீ. டிஸ்க் நுழையாது. பழைய டிஸ்க்கைச் சுற்றியுள்ள உலோகச் சட்டத்தையும் திருகுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவை புதியதற்கும் வேண்டும்.

4. கொள்ளளவு எவ்வளவு வேண்டும்?

பாடம், புராஜெக்ட், ஆன்லைன் வகுப்பு இவற்றுக்கு 240 அல்லது 256 ஜிபி போதும். பழைய பயாஸ் முறையில் இயங்கும் லேப்டாப்களில், விண்டோஸ் தொடங்கும் டிஸ்க் 2 டிபிக்கு மேற்பட்டதாக இருந்தால் முதல் 2 டிபியை மட்டுமே பயன்படுத்த முடியும். அதற்குச் செலவு செய்யத் தேவையும் இல்லை.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்எஸ்டி பெட்டியில் வினாடிக்கு 550 எம்பி என்று போட்டிருக்கும். பழைய லேப்டாப் சாட்டா இரண்டாம் தலைமுறையாக இருந்தால் 300 எம்பிக்கு மேல் போகாது. அதனால் பொருந்தாது என்று எண்ண வேண்டாம். புதிய சாட்டா எஸ்எஸ்டி பழைய சாட்டாவிலும் வேலை செய்யும். பழைய டிஸ்க் கொடுத்தது சுமார் 100 எம்பிதான் என்பதால், வித்தியாசம் நன்றாகவே தெரியும். விலை கூடிய, அதிவேக எஸ்எஸ்டி மட்டும் இங்கே வீண்.

கழற்றும் முன்

சான்றிதழ் நகல்கள், குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் பென் டிரைவிலோ வேறு டிஸ்க்கிலோ நகலெடுத்து, அவை திறக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டுத் திறங்கள். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது நல்லது.

பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவராதீர்கள். ஆதார், வங்கி விவரங்கள் அதில் இருக்கலாம். புதியதில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, முழுதாக அழித்துவிட்டு வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். எஸ்எஸ்டி போட்டதால் பழைய லேப்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெற்றுவிடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. அத்தகைய லேப்டாப்பில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக்கொள்வது பாதுகாப்பானது. எழுத, படிக்க, இணையம் பார்க்க அது போதும்.

கடைக்குப் போகும்போது லேப்டாப்பின் மாடல் எண்ணையும், பழைய டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள லேபிளின் படத்தையும் மொபைலில் எடுத்துச் செல்லுங்கள். அந்த இரண்டும் கையில் இருந்தால் தவறான பொருளை வாங்கிவர வாய்ப்பு குறைவு. மிச்சமாகும் பணம் பிள்ளையின் கட்டணத்துக்கோ புத்தகத்துக்கோ உதவும், இன்ஷா அல்லாஹ்.