பிரேக் போட்டது யாரு மாப்ள?

மதுரையில் பட்டிமன்றத் தலைப்புக்கா பஞ்சம்? அமெரிக்கன் கல்லூரிப் பேராசிரியர் சாலமன் பாப்பையா நடுவராக உட்கார்ந்து, ஊரையே பட்டிமன்றம் கேட்க வைத்த மண் இது. மாமியாரா மருமகளா, பணமா பாசமா எல்லாம் பேசித் தீர்த்தாச்சு. இப்போ கார் ஸ்டாண்டு வேப்பமரத்தடிக்குப் பொருத்தமா ஒரு புதுத் தலைப்பு வந்திருக்கு: ‘காரை ஓட்டுறது டிரைவரா, கம்ப்யூட்டரா?’

காரணம், ‘அடாஸ்’. முழுப் பெயர் அட்வான்ஸ்டு டிரைவர் அசிஸ்டன்ஸ் சிஸ்டம்ஸ். கோட்டைத் தாண்டினால் ‘பீப்’. முன்னால் போகும் வண்டியை நெருங்கினால் ‘பீப் பீப்’. அதுக்கும் நீங்க அசையலைன்னா, காரே பிரேக் போட்டுடும். ஓட்டிக்கொண்டிருந்தவர் மட்டும், ‘நான் போடலையே, போட்டது யாரு?’ என்று முழிப்பார்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண்

மேட்டர் ரொம்ப சிம்பிள். முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா. பல கார்களில் பம்பர் பக்கம் ஒரு ரேடாரும் இருக்கும். கேமரா கோட்டையும் ஆளையும் வண்டியையும் பார்க்கும். ரேடார், முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் போகுது என்று அளக்கும். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு கம்ப்யூட்டர் முடிவெடுக்கும்.

இதில் 0 முதல் 5 வரை லெவல்கள் உண்டு. நம்ம ஊர் விளம்பரங்களில் நீங்க பார்க்கிறது பெரும்பாலும் ‘லெவல் 2’. அதாவது வேகத்தையும் ஸ்டீயரிங்கையும் கார் கொஞ்சம் கவனித்துக்கொள்ளும். ஆனால் டிரைவர் டிரைவர்தான். கண் ரோட்டில், கை ஸ்டீயரிங்கில் இருந்தாகணும். இடித்தால் கேஸ் உங்க பேர்லதான், கம்ப்யூட்டர் பேர்ல இல்லை.

இந்தியாவில் 2020-ல் எம்.ஜி. குளோஸ்டர், 2021-ல் மகிந்திரா எக்ஸ்.யூ.வி.700 என்று பெரிய வண்டிகளில்தான் இது எட்டிப் பார்த்தது. அப்புறம் விலை இறங்கி, 2024 டிசம்பரில் வந்த ஹோண்டா அமேஸில், அறிமுக ஷோரூம் விலை 10 லட்சத்துக்குள்ளேயே கிடைத்தது. பணக்காரர் வீட்டுச் சமாச்சாரமாக இருந்தது, சித்தப்பா வாங்கும் வண்டி வரைக்கும் வந்தாச்சு. அதனால்தான் இந்தப் பட்டிமன்றம் சூடு பிடிக்குது.

முதல் அணி: ‘நம்ம ரோட்டுக்கு இது சரிப்படாது!’

அனுபவஸ்தர்களின் அணி இது. மஞ்சள் போர்டு வண்டியில் வருஷக்கணக்காக ஊர் சுற்றிய அண்ணன்கள் முன்வரிசையில். இவங்க வாதத்தை லேசா நினைச்சுடாதீங்க.

சிம்மக்கல்லில் மாலை ஆறு மணிக்கு கார் ஓட்டியிருக்கீங்களா? அங்கே கோடு கிடையாது, பேச்சுவார்த்தைதான். ஷேர் ஆட்டோக்காரர் கையை நீட்டினால் அதுதான் இண்டிகேட்டர். எதிரே வர்றவர் லைட்டை அடித்தால் ‘நான் வர்றேன், நீ நில்லு’ என்று அர்த்தம். தள்ளுவண்டி அக்கா ஒரு பார்வை பார்த்தால் நாம நிற்கணும். மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் வண்டி ஓட்டுறது என்றால் ஆளோட கண்ணைப் படிக்கிறது. கேமராவுக்கு ஆள் தெரியும். அந்த ஆள் நிற்கப் போறாரா, நடக்கப் போறாரா என்று அவர் முகத்தைப் பார்த்து நம்ம டிரைவர் அண்ணன் கணிக்கிற மாதிரி அதுக்குக் கணிக்கத் தெரியாது.

நெடுஞ்சாலையிலும் இவங்களுக்கு ஒரு பாயின்ட் இருக்கு. முன்வண்டிக்கும் நமக்கும் பாதுகாப்பான இடைவெளி விட்டு ஓட்டுவது ‘அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல்’. நல்ல விஷயம்தான். ஆனால் நம்ம ஊர்ல இடைவெளி விட்டா அது இடைவெளியா? காலி இடம்! ஒரு பைக் உள்ளே புகும். கார் வேகத்தைக் குறைத்து மறுபடி இடைவெளி விடும். ஒரு மினி வேன் புகும். இப்படியே போனால் திருமங்கலம் போகவே சாயங்காலம் ஆயிடும் என்பது இவங்க கிண்டல்.

இதைவிட சீரியஸான பயம் ஒன்று: கார் தானாகப் படக்கென்று பிரேக் போட்டால், பின்னால் ஒட்டிக்கொண்டே வரும் லாரி என்ன பண்ணும்? லாரியில் அந்தக் கேமரா இல்லையே!

இரண்டாம் அணி: ‘ஒரு நொடி போதும், உயிர் மிச்சம்!’

எதிரணியில் இருப்பவர்கள் தொலைதூரம் ஓட்டுகிறவர்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் கிளம்பி விடிகாலை மதுரைக்கு வந்து சேர்கிற ஐ.டி. அண்ணன், அக்காக்கள், விசேஷத்துக்குக் குடும்பத்தோடு கன்னியாகுமரி வரை போகிறவர்கள்.

இவங்க கணக்கில் பேசுவாங்க. 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடும். ஆபத்தைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகுதுன்னு வைங்க. பிரேக் தொடுவதற்கு முன்னாடியே 42 மீட்டர் போச்சு. இதில் கண் ஒரு நொடி செருகினால்? அந்த நேரத்தில் தூங்காத ஒரு ஜோடிக் கண் வண்டிக்குள் இருப்பது தப்பா என்பதுதான் இவங்க கேள்வி. ஸ்டீயரிங் தடுமாறும் விதத்தைக் கவனித்து, ‘அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க’ என்கிற மாதிரி டேஷ்போர்டில் கப் படம் போட்டுக் காட்டும் கார்கள்கூட இருக்கு.

ஆதாரமும் கையில் வெச்சிருக்காங்க. முன்னால் மோதாமல் தானாக பிரேக் போடும் வசதி, முன்வண்டியின் முதுகில் போய் இடிக்கும் விபத்துகளைச் சுமார் பாதியாகக் குறைத்திருப்பதாக அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்சூரன்ஸ் ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டிருக்கு. ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலை முதல் விற்கிற எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம்.

அட, இங்கே மட்டும் என்ன வாழுதாம்? 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். ‘எங்களுக்கு அனுபவம் இருக்கு, மெஷின் வேணாம்’ என்று சொல்லும்போது இந்த எண்ணையும் கொஞ்சம் பார்க்கணுமில்ல?

மூணாவது அணி: ‘ஆஃப் பண்ணிடு மாப்ள!’

பட்டிமன்றத்தில் இரண்டு அணிதானே? இங்கே மூணு. வாதமே பண்ணாமல், வண்டியில் ஏறியதும் பட்டனைத் தேடி ஆஃப் பண்ணுகிறவர்கள்.

இதில் ஆக்டிங் டிரைவர்கள் பாவம். காலையில் ஒரு ஓனர் வண்டி, ராத்திரி வேற ஓனர் வண்டி. ஒண்ணு பீப் அடிக்கும், ஒண்ணு ஸ்டீயரிங்கை உதறும், இன்னொண்ணு ஸ்டீயரிங்கைத் தானே இழுக்கும். எது எதுக்குன்னு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஓனர் சாவியைக் கொடுக்கிறார், மேனுவலைக் கொடுப்பதில்லை. தெரியாத பேய்க்கு எதுக்கு வம்பு என்று ஆஃப் பண்ணிவிடுகிறார்கள்.

நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. அதே அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, சர்வீஸுக்கு வந்த ஹோண்டா கார்களைப் பார்த்தது. கோடு தாண்டினால் எச்சரிக்கும் வசதி இருந்த கார்களில், அதை ஆன் பண்ணி வைத்திருந்தது சுமார் மூன்றில் ஒரு பங்குதான்! கோடு பளிச்சென்று இருக்கும் ஊரிலேயே இந்தக் கதை.

சரி, யார் சொல்றது உண்மை?

வேடிக்கை என்னன்னா, எல்லாரும் உண்மையைத்தான் சொல்றாங்க. ஆனால் ஒவ்வொருத்தரும் வேற வேற ரோட்டைப் பற்றிப் பேசுறாங்க.

மெஷினுக்குத் தேவை, ஒழுங்கா நடந்துகொள்ளும் ரோடு. கோடு வேணும், வெளிச்சம் வேணும், எல்லாரும் ஒரே திசையில் போகணும். மதுரையிலிருந்து தெற்கே விருதுநகர் பக்கம் போகும் நான்குவழிச் சாலையில், பகல் நேரத்தில், இதில் பாதியாவது கிடைக்கும். அங்கே அடாஸ் கெட்டிக்காரப் பிள்ளை. கோரிப்பாளையம் வந்ததும் அதே பிள்ளை திருவிழாவில் தொலைந்த மாதிரி முழிக்கும்.

அந்த நான்குவழிச் சாலையும் ராத்திரியில் வேற ரோடு. வைக்கோல் ஏற்றிய டிராக்டர், பின்னால் சிவப்பு விளக்கே இல்லாமல். ரிப்பேராகி ஓரத்தில் நிற்கும் லாரி. நடுத்திட்டு இடைவெளியில் ராங் சைடில் வரும் பைக். கம்பெனிக்காரர்களின் மேனுவலே, அதிவேகத்தில் போகும்போது நின்றுகொண்டிருக்கும் வண்டியை இந்த சிஸ்டம் கண்டுபிடிக்காமல் போகலாம் என்று எச்சரிக்கிறது. எந்த இடத்தில் நமக்கு ரொம்பத் தேவையோ, அந்த இடத்தில்தான் அது தடுமாறும்!

நடந்து போகிறவர்களுக்கும் இதே நிலைமைதான். ஆளைப் பார்த்து பிரேக் போடும் வசதி, கார் பாதசாரிகள் மேல் மோதும் விபத்துகளை 27 சதவிகிதம் குறைத்திருப்பதாக 2022-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில்? எந்த வித்தியாசமும் இல்லை. மேலூர் தாண்டி, இருட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடக்கும் நம்ம பாட்டிக்கு அந்த வசதியால் பெரிதாக லாபம் இல்லை என்றுதானே அர்த்தம்?

காந்தம் சொன்ன பாடம்

டிரைவருக்கு உதவி பண்ணுவது நேற்று வந்த ஐடியா இல்லை. குரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்த அமெரிக்கர் ரால்ஃப் டீட்டர், சிறுவயதிலேயே கண் பார்வை இழந்தவர். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவர். ஓட்டிய நண்பர் பேசும்போது வேகம் குறைவதும் கேட்கும்போது கூடுவதுமாக இருக்க, கடுப்பாகி யோசித்ததுதான் அது என்பார்கள். 1958-ல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. இந்தப் பட்டிமன்றத்தில் பின் சீட்டில் உயிரைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் ஓட்டு உண்டு என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இன்னொரு கதை நம்ம மதுரையிலேயே இருக்கு. 1911-ல் இங்கே டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொடங்கியதுதான் டி.வி.எஸ். அந்தக் காலத்து ரோட்டில் லாட ஆணிகள் கிடந்து பஸ் டயரைப் பதம் பார்க்கும். அதனால் காந்தம் பொருத்திய வண்டியை முன்னால் ஓடவிட்டு ஆணிகளை அள்ளினார்கள் என்று டி.வி.எஸ். பற்றி இன்றும் சொல்வார்கள். பாருங்க, அந்தக் கதையில் உதவி வண்டிக்குள்ளே இல்லை, ரோட்டில் இருக்கு! முதல்ல பாதையைச் சரி பண்ணு, அப்புறம் வண்டியை விடு.

இப்போ நாம தலைகீழா பண்றோம். காருக்குள்ளே லட்ச ரூபாய் கேமரா, வெளியே அழிந்துபோன வெள்ளைக் கோடு. கோட்டுக்குப் பெயின்ட், டிராக்டருக்கு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், ஊர் விலக்கில் ஒரு விளக்கு. இந்த மூணும் இருந்தால் அடாஸ் உள்ள காருக்கும் நல்லது, அது இல்லாத டவுன் பஸ்ஸுக்கும் நல்லது.

பைக் பார்ட்டிகளே, உங்களுக்குத்தான்!

‘எங்ககிட்ட காரே இல்லையே பாஸ்’ என்று பக்கத்தைத் திருப்பப் பார்க்கறீங்களா? நில்லுங்க. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44.5 சதவிகிதம் பேர் டூவீலரில் போனவர்கள். இந்தப் பட்டிமன்றத்தில் மைக் கிடைக்காத பெரிய கூட்டம் நீங்கதான்.

* காருக்கு முன்னால் சர்ரென்று கட் அடித்துப் புகாதீங்க. அது தானாகவே சடன் பிரேக் போடலாம். நீங்க தப்பிச்சாலும் பின்னால் வர்ற இன்னொரு பைக் அதன் முதுகில் ஏறும்.

* காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீங்க. அந்த டிரைவருக்கே தெரியாமல் அந்த வண்டி நிற்கலாம்.

* ராத்திரியில் கேமரா உங்களைப் பார்க்கும் என்று நம்பாதீங்க. டெயில் லைட் எரியணும், சட்டையோ பையோ கொஞ்சம் வெளிர் நிறமா இருக்கணும்.

* வீட்டில் புதுக் கார் வாங்கினால், மேனுவலை உட்கார்ந்து படிக்கிற ஆள் நீங்களா இருங்க. எந்த பீப் எதுக்கு, எப்போ அது வேலை செய்யாது என்று அப்பாவுக்கும், வர்ற ஆக்டிங் டிரைவர் அண்ணனுக்கும் சொல்லிக் கொடுங்க.

தீர்ப்பு!

நடுவர் நாற்காலி காலியாக இருப்பதால் நாமே சொல்லிடுவோம். ‘வேண்டாம்’ அணி கம்ப்யூட்டரால் படிக்க முடியாத முகங்களைப் படிக்குது. ‘வேணும்’ அணி மனுஷனால் பிடிக்க முடியாத ஒரு நொடியைப் பிடிக்குது. இரண்டும் வேணும். ஆபத்து எங்கேன்னா, ‘அதான் கார் பார்த்துக்குமே’ என்று செல்போனைக் கையில் எடுக்கிறவரிடமும், என்ன ஏதுன்னு தெரியாமலேயே ஆஃப் பண்ணுகிறவரிடமும்.

பைபாஸில் ஆன் பண்ணி வைங்க. சிம்மக்கல்லில் உங்க கண்ணை நம்புங்க. ரெண்டு இடத்திலும் வலது கால் பிரேக் பக்கத்திலேயே இருக்கட்டும்!