எதிரொலிக் கருவியால் மீன்பாடு குறையுமா?

தூண்டில் கொண்டு மீன் பிடிப்போரிடையே, கடலாயினும் உள்நாட்டு நீர்த்தேக்கமாயினும், ஓர் ஐயம் பரவலாக இருந்து வருகிறது. படகின் அடியில் பொருத்திய எதிரொலிக் கருவி இயங்கும்பொழுது மீன்கள் இரையைத் தொடுவதில்லை என்றும், கருவியை நிறுத்தியவுடன் அவை மீண்டும் இரை எடுக்கத் தொடங்குகின்றன என்றும் சிலர் கூறுகின்றனர். வேறு சிலரோ, நாள் முழுவதும் கருவியை ஓடவிட்டும் மீன்பாட்டில் யாதொரு குறைவும் காணவில்லை என்கின்றனர். இரு சாராரும் தத்தம் அனுபவத்தையே சான்றாகக் காட்டுகின்றனர்.

இவ்வையத்தை அற்பமானதெனத் தள்ளிவிடுதல் கூடாது. கருவியை நிறுத்திவைக்கும் படகோட்டி மீன் கூட்டத்தை மட்டுமன்றி, நீரின் ஆழத்தையும் அறிய இயலாதவராகிறார். பாறைகளும் மணல் திட்டுகளும் மிகுந்த இடங்களில் இதனால் படகுக்கும் உயிருக்கும் தீங்கு நேரலாம். மறுபுறம், கருவி உண்மையிலேயே மீன்களை விரட்டுமாயின், அதற்காகச் செலவிட்ட பணம் வருவாயைப் பெருக்குவதற்குப் பதிலாகக் குறைத்துவிடும். ஆகவே, மீனவர்களுடன் பழகும் களப்பணியாளர்களும், ஒலியியலையும் உயிரியலையும் கற்பிக்கும் ஆசிரியர்களும் இதுபற்றித் தெளிவு பெற்றிருத்தல் நலம்.

கருவி இயங்கும் முறை

ஒலி, காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. கடல் நீரிலோ அதன் வேகம் ஏறத்தாழ 1,500 மீட்டர். படகின் அடியிலுள்ள உணர்கருவி, மின்துடிப்பை ஒலித்துடிப்பாக மாற்றி நீருக்குள் செலுத்துகிறது. இத்துடிப்பு கடலின் அடித்தரையிலோ மீனின் உடலிலோ பட்டுத் திரும்புகிறது. சென்று திரும்ப எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு ஆழம் கணக்கிடப்படுகிறது. 30 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் ஒலி மொத்தம் 60 மீட்டர் பயணம் செய்ய வேண்டும். அதற்குப் பிடிக்கும் காலம் ஒரு வினாடியில் 25-இல் ஒரு பங்கேயாகும்.

1935-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு விஞ்ஞானி ஆஸ்கர் சுண்ட், லோஃபோட்டன் தீவுகளை அடுத்த கடலில் காட் மீன் கூட்டங்களின் எதிரொலிப் பதிவுகளை வெளியிட்டார். 1948-இல் ஜப்பானைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் மீனவர்களுக்கான கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். மீனின் உடலிலிருந்து வரும் எதிரொலியில் பெரும்பங்கு, அதன் வயிற்றினுள் அமைந்த காற்றுப்பையிலிருந்தே கிடைக்கிறது. காற்றுப்பை இல்லாத சுறா முதலியவை கருவியில் மங்கலாகத் தோன்றுவது இக்காரணத்தாலேயே.

இப்பொழுது வழக்கிலுள்ள கருவிகள் பெரும்பாலும் வினாடிக்கு 50,000 அதிர்வுகள் அல்லது 2,00,000 அதிர்வுகள் கொண்ட ஒலியைப் பயன்படுத்துகின்றன. அடித்தரையைப் படம்போல் காட்டும் கருவிகளில் அதிர்வெண் 4,00,000-க்கும் மேற்படுகிறது. மனிதனின் செவி கேட்கக்கூடிய உயரெல்லை 20,000 அதிர்வுகளே. ஆகவே இவையனைத்தும் மனிதனுக்குக் கேளாத ஒலி, அதாவது மீயொலி ஆகும்.

இவ்வொலி எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் பரவுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அது கூம்பு வடிவில் கீழ்நோக்கிச் செல்கிறது. கூம்பின் கோணம் 20 பாகையாயின், 30 மீட்டர் ஆழத்தில் அதன் விட்டம் சுமார் 10½ மீட்டர்; 5 மீட்டர் ஆழத்தில் 1¾ மீட்டர் மட்டுமே. படகின் பின்னே 40 மீட்டர் தொலைவில் இழுத்துச் செல்லப்படும் தூண்டில், இக்கூம்புக்கு முற்றிலும் வெளியே உள்ளது. படகுக்கு நேர் கீழே விடப்படும் கைத்தூண்டிலைப் பொறுத்த மட்டிலுமே இவ்வினாவுக்கு இடமுண்டு எனலாம்.

மீன் எதைக் கேட்கிறது?

மீனுக்குப் புறச்செவி இல்லை. ஆயினும் தலையினுள் உட்செவி உண்டு. அதிலுள்ள செவிக்கற்கள் உடலைவிட அடர்த்தி மிக்கவையாதலால், ஒலியலை வரும்போது உடலோடு ஒத்து அசையாமல் பின்தங்குகின்றன. இவ்வேறுபாட்டை நுண்ணிய மயிரணுக்கள் உணர்ந்து மூளைக்கு அறிவிக்கின்றன. உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு, அண்மையிலுள்ள நீரின் அசைவை அறிய உதவுகிறது. இவ்வமைப்பு தாழ்ந்த அதிர்வெண்களுக்கே ஏற்றது. அட்லாண்டிக் சால்மன் மீன் ஏறத்தாழ 380 அதிர்வுகள் வரையிலும், காட் மீன் சுமார் 500 அதிர்வுகள் வரையிலுமே நன்கு கேட்கின்றன.

கெண்டை இனங்களும் கெளுத்தி இனங்களும் இவற்றினும் கூர்மையான செவி உடையவை. காற்றுப்பையை உட்செவியோடு இணைக்கும் சிற்றெலும்புகளின் வரிசை ஒன்று இவற்றில் உள்ளது. 1820-இல் இதனை விவரித்த ஜெர்மானிய அறிஞர் வெபரின் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய இந்தியப் பெருங்கெண்டைகளும் இவ்வகுப்பைச் சேர்ந்தவையே. இதே வகுப்பினதான பொன்மீன் 3,000 முதல் 4,000 அதிர்வுகள் வரை கேட்கும் எனச் சோதனைகள் காட்டுகின்றன. கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்னும் அறிஞர், சீழ்க்கை ஒலி கேட்டவுடன் இரைக்கு வருமாறு ஒரு சிறு கெளுத்தியைப் பழக்கி, 1923-இல் அதனை வெளியிட்டார். மீன்கள் செவிடு என்ற பழைய எண்ணம் இதனால் வலுவிழந்தது. தொட்டியில் மீன் வளர்க்கும் பள்ளிகளில் ஆசிரியர்கள் இச்சோதனையை எளிதில் செய்து காட்டலாம்.

இவ்வெண்களை ஒப்பிட்டால் நிலைமை விளங்கும். கூர்மையான செவியுடைய பொன்மீன் கேட்கும் உயரெல்லையைப்போல் 50 மடங்கு அதிர்வெண் கொண்டது 2,00,000 அதிர்வுகளின் ஒலி. 50,000 அதிர்வுகளின் ஒலியுங்கூட அவ்வெல்லையைப்போல் 12 மடங்குக்கு மேற்பட்டது. ஆகவே பெரும்பாலான மீன்களுக்கு இக்கருவியின் ஒலி கேட்பதே இல்லை.

விதிவிலக்கான மீன்கள்

எனினும் இவ்விதிக்குப் புறம்பான மீன்களும் உள. வட அமெரிக்க ஆறுகளில் ஏறும் ஷாட் என்னும் மீன், வினாடிக்கு 1,80,000 அதிர்வுகள் வரையிலான ஒலியை உணர்கிறது என்று 1997-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். இம்மீனை வேட்டையாடும் ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், இரையைத் தேட மீயொலியைப் பயன்படுத்துகின்றன. பகைவனின் குரலைக் கேட்டுத் தப்பும் பொருட்டே இத்திறன் தோன்றியிருக்கலாம் என்பது அவர்களுடைய கருத்து. ஒலியின் வலிமை மிகுந்தோறும் இம்மீன் முதலில் மெல்ல விலகுவதும், பின்னர் கூட்டம் சிதறுமாறு விரைந்தோடுவதும் 2003-ஆம் ஆண்டின் ஆய்வில் காணப்பட்டன.

ஷாட் மீனின் உறவினமான ஏல்வைஃப் விஷயத்தில் இத்தன்மை நேரடியாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது. ஒன்டாரியோ ஏரிக்கரையிலுள்ள மின்நிலையம் ஒன்றில், குளிர்விக்கும் நீரை உறிஞ்சும் வாயிலில் இம்மீன்கள் பெருந்திரளாகச் சிக்கின. ஏறத்தாழ 1,25,000 அதிர்வுகள் கொண்ட வலிய ஒலியை வாயிலருகே செலுத்தியபோது, சிக்கும் மீன்களின் தொகை பெருமளவு குறைந்தது என 1993-இல் அறிவிக்கப்பட்டது. மீயொலி மீனை விரட்டக்கூடும் என்பதற்கு இது தெளிந்த சான்றாகும்.

ஆயினும் சாளை இனத்தைச் சார்ந்த மீன்கள் யாவும் இவ்வாறே நடந்துகொள்ளும் எனக் கருதுதல் தவறு. 2001-இல் நான்கு இனங்கள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் மென்ஹேடன் என்னும் மீன் மட்டுமே மீயொலியை உணர்ந்தது. நெத்திலி இனம் ஒன்றும், சாளை இனங்கள் இரண்டும் 4,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை உணரவில்லை. அவ்விரு சாளைகளுள் ஒன்று, இந்திய நெய்ச்சாளையின் பேரினத்தையே சேர்ந்தது.

காட் மீனைப் பற்றியும் ஒரு கருத்து வேற்றுமை எழுந்தது. மிக வலிமையான 38,000 அதிர்வுகளின் ஒலியைக் காட் மீன் உணருமாறு பழக்க இயலும் என 1993-இல் டென்மார்க் நாட்டு விஞ்ஞானிகள் தெரிவித்தனர். ஆனால், அவ்வாறு பழக்கப்படாத காட் மீன்கள் வலிய மீயொலிக்கு அஞ்சி ஓடவோ நிலைகுலையவோ இல்லை என்பது 2008-இல் வெளியான ஆய்வினால் புலனாயிற்று. ஓர் ஒலியை உணர்தல் வேறு, அதற்கு அஞ்சுதல் வேறு என்பதை இவ்விரு ஆய்வுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

மீனுக்குக் கேட்கும் ஒலிகள்

கருவியின் ஒலி கேளாதாயின், படகில் மீனுக்குக் கேட்பது எது? பொறியின் அதிர்வும், சுழல்விசிறியின் இரைச்சலும், நங்கூரச் சங்கிலி உரசுவதும், மரத்தளத்தில் பெட்டி விழுவதும் பெரும்பாலும் 1,000 அதிர்வுகளுக்கு உட்பட்ட ஒலியை எழுப்புகின்றன. இவை யாவும் மீனின் செவிக்கு நன்கு எட்டக்கூடியவை.

தாழ்ந்த அதிர்வெண் கொண்ட வலிய ஒலி மீன்பாட்டைக் குறைக்கக்கூடும் என்பது ஆய்வில் காணப்பட்டுள்ளது. எண்ணெய் வளத்தைத் தேடும் கப்பல்கள் காற்றுத் துப்பாக்கிகளால் கடலடியில் ஒலி எழுப்புவதுண்டு. பேரண்ட்ஸ் கடலில் இதன் விளைவை ஆராய்ந்த நார்வே விஞ்ஞானிகள், 1996-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். இழுவலையில் காட், ஹேடக் ஆகிய மீன்களின் பாடு சராசரியாகப் பாதியளவுக்குக் குறைந்தது. ஆயிரங்கால் தூண்டிலிலும் குறைவு காணப்பட்டது. ஒலி நின்று 5 நாட்கள் கழிந்த பின்னரும் பழைய நிலை திரும்பவில்லை.

சாதாரணப் படகுகளின் ஒலியைப் பற்றிய முடிவுகள் இவ்வளவு எளிமையானவையல்ல. 2000-ஆம் ஆண்டில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், ஓசை குறைந்த ஆராய்ச்சிக் கப்பலுக்கு முன்னே ஆளில்லா நீர்மூழ்கி ஒன்று அனுப்பப்பட்டது. கப்பல் வருமுன் நீர்மூழ்கி கண்ட ஹெர்ரிங் மீன்களின் அளவும், பின்னர் கப்பல் கண்ட அளவும் ஒத்திருந்தன. மீன்கள் விலகி ஓடவில்லை. ஆனால் 2007-இல் வெளியான நார்வே ஆய்வில், ஓசை குறைந்த கப்பலைக் கண்டு ஹெர்ரிங் மீன்கள் வழக்கமான கப்பலைவிட அதிகமாகவே விலகின. ஆகவே ஓசையின் அளவு ஒன்றே மீனின் போக்கைத் தீர்மானிப்பதில்லை என்பது தெளிவு.

அதிர்வெண் எல்லைக்கு வெளியே கசியும் ஒலி

கருவியின்மீது குறித்துள்ள அதிர்வெண்ணில் மட்டுமே ஒலி வெளிப்படுகிறது என எண்ணுதல் முற்றிலும் சரியன்று. துடிப்பு சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடிவதால், ஆற்றலில் ஒரு சிறு பகுதி பிற அதிர்வெண்களிலும் பரவுகிறது. உணர்கருவியை நீருக்கு வெளியே எடுத்துச் செவியருகே பிடித்தால் சில கருவிகளில் 'டிக் டிக்' என்னும் மெல்லிய ஓசை கேட்பதற்கு இதுவே காரணம். 2,00,000 அதிர்வுகளில் இயங்கும் விற்பனைக் கருவிகளிலிருந்து, சில கடல் பாலூட்டிகளுக்குக் கேட்கக்கூடிய தாழ்ந்த அதிர்வெண்ணிலும் ஒலி கசிவதை 2014-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. ஓங்கில்கள் 1,50,000 அதிர்வுகள் வரை கேட்கக்கூடியவை. எனவே இக்கருவிகள் மீனைவிட ஓங்கிலின் செவியையே மிகுதியாகத் தாக்கக்கூடும்.

களத்தில் சோதிக்கும் முறை

கருவியை நிறுத்தியவுடன் மீன் கிடைத்தது என்ற அனுபவம் பொய்யாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. ஆனால் மீன் படாத வேளையிலேயே மனிதர் கருவியை நிறுத்துகின்றனர். நீரோட்டமோ வெளிச்சமோ மாறி மீன் இரை எடுக்கத் தொடங்கினால், அதன் புகழ் கருவியை நிறுத்தியதற்குப் போய்ச் சேர்கிறது. இம்மயக்கத்தை நீக்க எளிய வழி ஒன்று உண்டு.

ஒரே இடத்தில், பொறியை நிறுத்திவிட்டு, அடுத்தடுத்த இரு அரைமணி நேரங்களை ஓர் இணையாகக் கொள்ளவேண்டும். ஓர் அரைமணியில் கருவி இயங்கவேண்டும், மற்றதில் நிறுத்தப்படவேண்டும். எது முதலில் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்கவேண்டும். திரையைத் துணியால் மூடிவிட்டு, விசையைத் தூண்டில் பிடிக்காத ஒருவர் வசம் ஒப்படைத்தல் அவசியம். தூண்டில், இரை, ஆட்கள் ஆகியவற்றில் மாற்றம் கூடாது. இங்ஙனம் வெவ்வேறு நாட்களில் 10 இணைகளுக்குக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த அரைமணியில் மீன் அதிகம் என்பதைக் குறிக்கவேண்டும். இரண்டும் சமமாக அமைந்த இணையை நீக்கிவிட்டு, வேறொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கருவியால் எவ்வித விளைவும் இல்லையெனினும், 10-இல் 7 அல்லது அதற்கு மேற்பட்ட இணைகள் 'நிறுத்திய' பக்கம் சாய்வதற்கு ஏறத்தாழ 6-இல் ஒரு வாய்ப்பு உண்டு. ஆதலின் 7 என்பது எதையும் மெய்ப்பிக்காது. 8 அல்லது அதற்கு மேற்பட்டால் வாய்ப்பு 18-இல் ஒன்று. 9 அல்லது அதற்கு மேற்பட்டால் 93-இல் ஒன்று. 9 இணைகள் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டுமே விஷயத்தை மேலும் ஆராயத் தக்க காரணம் உண்டு எனலாம். நிகழ்தகவைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இக்கணக்கு பயன்படும்.

முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பெரும்பாலான மீன்களுக்கு எதிரொலிக் கருவியின் ஒலி கேட்பதில்லை. ஆகவே அது இரை எடுத்தலைத் தடுக்கும் என அஞ்சத் தேவையில்லை. ஷாட், ஏல்வைஃப், மென்ஹேடன் போன்ற சில இனங்கள் இதற்கு விலக்காகும். அவற்றைப் பிடிப்போர் 50,000 அதிர்வுகளை விடுத்து 2,00,000 அதிர்வுகளைத் தேர்தல் நலம். மீன்பாடு குறையும்போது பொறியின் இரைச்சல், நங்கூரத்தின் ஓசை, தளத்தின் தடதடப்பு ஆகியவற்றையே முதலில் கவனிக்கவேண்டும். இவற்றைக் குறைக்கச் செலவேதுமில்லை. ஆழமறியாத நீரிலும் இரவிலும் கருவியை நிறுத்தாதிருக்குமாறு மீனவர்களுக்கு எடுத்துரைப்பது களப்பணியாளர்களின் கடமையாகும். கிடைக்காத சில மீன்களை நாளைக்கும் தேடலாம். பாறையில் மோதிய படகை மீட்பது எளிதன்று.